நாளத்திற் செருகிய குழாய்

மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது, தமிழாசிரியனாகிய என்னிடம் இலக்கியத்தையே எதிர்பார்த்திருப்பர். ஆயின், சென்ற மாரிகாலத்தில் தந்தையாரின் கட்டிலருகே ஆறு இரவுகள் விழித்திருந்து கற்ற பாடமே இன்னும் நெஞ்சை விட்டகலவில்லை. அவரும் இக்கல்லூரியின் பழைய மாணவரே.

நிமோனியாக் காய்ச்சலுக்குரிய மருந்து எட்டு மணிக்கொருமுறை நாளத்தின் வழியே செல்லவேண்டியிருந்தது. அதற்கெனக் கையிற் செருகும் சிறு குழாயைக் கனூலா என்பர். முற்காலத்தில் உருக்கு ஊசியையே உள்ளே விட்டுக் கையைப் பலகையோடு சேர்த்துக் கட்டினர். 1950 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாயோ மருத்துவமனையைச் சேர்ந்த டேவிட் மாசா முதலியோர் பிளாஸ்ரிக் குழாயை அறிமுகஞ் செய்தனர். ஊசி வழிகாட்டிவிட்டு வெளியே வந்துவிடும். மெல்லிய குழாய் மட்டும் உள்ளே தங்கும். கையை அசைக்கலாம். ஆயினும் அசைவே அதற்குப் பகையுமாகும்.

இரண்டாம் இரவு, மலசலகூடத்திற்கு அழைத்துச் செல்ல அப்பாவை எழுப்பினேன். சேலைன் குழாய் கட்டிற் சட்டத்தில் மாட்டியிருந்ததை யான் கவனிக்கவில்லை. ஓரடி வைத்தார், கனூலா பிடுங்குண்டது, சாரமெல்லாம் இரத்தம். எழுபத்தெட்டு வயதுக் கை, நாளங்கள் நூல்போல் வழுக்கி ஓடின, குத்தினால் உடைந்தன. மூன்று முறை தவறியபின் மூத்த தாதியார் ஒருவரை அழைத்தனர். நான்காம் குத்தில் அகப்பட்டது. “பரவாயில்லையடா தம்பி” என்று அப்பா சொன்னது என்னை மேலும் வருத்திற்று.

அத்தாதியார் செய்ததை அருகே நின்று பார்த்தேன். மணிக்கட்டையும் முழங்கை மடிப்பையும் தவிர்த்து, முன்கையின் தட்டையான இடத்தைத் தெரிந்தார். பூசிய கிருமிகொல்லி காயும்வரை பொறுத்தார். ஈரத்தோலில் ஒட்டு நில்லாதாம். துளைவாய் கண்ணுக்குத் தெரியும்படி மெல்லிய ஒட்டுப்படலத்தால் மூடினார். பின்பு சேலைன் குழாயைச் சிறு வளையமாக்கி, வேறொரு பிளாஸ்ரரால் தோலோடு ஒட்டினார்.

“இழுபட்டால் இந்த வளையத்தோடை நிற்கும், சேர். கனூலாவுக்குப் போகாது” என்றார்.

மாட்டுக் கயிற்றை முடிச்சிடுமுன் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றுவதும் இதற்கே அன்றோ! நாற்பது வயது கடந்தும் எனக்கு இது தோன்றவில்லை. கையைச் சுற்றி இறுக வரியலாகாதென்றும், வீக்கமோ நோவோ குளிர்ச்சியோ கண்டால் மருந்து நாளத்திற்குப் புறத்தே கசியக்கூடுமாதலின் உடனே அறிவிக்கவேண்டுமென்றும் கூறிச் சென்றார்.

அன்றுமுதல் அப்பாவை எழுப்புமுன், போத்தலிலிருந்து கைவரை குழாயை விரலால் தடவிப் பார்த்தேன். அது நான்கு நாள் நின்றது. ஆறாம் இரவு கழிந்த காலையில் தாதியார் படலத்தை மெல்ல உரித்துக் கனூலாவைக் கழற்றிப் பஞ்சால் அழுத்தினார். அப்பா கையை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியையும் அன்றைய பத்திரிகையையும் கேட்டார்.