மறுப்புக் கடிதம் கற்பித்த பாடம்

கடன் வாங்காதவனே கவலையற்றவன் என்று பிரசங்க மேடையில் நின்று பலமுறை கூறியவன் நான். அத்தகைய நான் என் ஐம்பத்து நான்காம் வயதில் ஒரு கடன் அட்டைக்காக வங்கிக்கு விண்ணப்பம் எழுதினேன் என்றால், என்னை அறிந்த பங்கு மக்கள் நகைக்கக்கூடும். அந்த விண்ணப்பம் மறுக்கப்பட்டது. மறுப்புக்குக் காரணம் பிறர் அல்லர். என் கையெழுத்தே காரணம். நம் குடும்பங்களில் எவருக்கேனும் பயன்படும் என்ற எண்ணத்தில் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

2023-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், ஓர் இரவு, பங்கைச் சேர்ந்த ஒரு தாயை அவசரமாகத் திருச்சிக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது. மருத்துவமனையில் முன்பணம் கேட்டார்கள். அவருடைய மகனிடம் அவ்வளவு தொகை இல்லை. என் கணக்கிலும் இல்லை. நள்ளிரவில் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் எழுப்பிக் கேட்டு, விடியும் வேளையில்தான் பணம் சேர்ந்தது. இறைவன் அருளால் அந்தத் தாய் பிழைத்தார். ஆயினும் அந்த இரவை என்னால் மறக்க இயலவில்லை. அவசரத்துக்கு ஓர் அட்டை கையில் இருந்திருந்தால் இத்தனை பேரின் உறக்கத்தைக் கெடுத்திருக்க வேண்டாமே என்று தோன்றியது. பங்குப் பணியோடு பள்ளி ஆசிரியப் பணியும் எனக்கு உண்டாகையால் ஊதியச் சீட்டு இருந்தது. பான் அட்டையும் இருந்தது. தடை எதுவும் இராது என்றே நம்பி விண்ணப்பித்தேன்.

பத்து நாளில் பதில் வந்தது. என் கடன் தகவல் அறிக்கையில் நிலுவை காணப்படுவதால் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை என்பது அதன் சாரம். உள்ளபடியே கூறுகிறேன், முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. எவரிடமும் ஒரு காசு கடன் வாங்காதவனுக்கு நிலுவை எங்கிருந்து வந்தது? கடிதத்தை மடித்துத் திருப்பலிப் புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட்டேன். இரண்டு நாள் அதை எவரிடமும் காட்டவில்லை. தரகர் ஒருவர், "கவலை வேண்டாம் சாமி, வேறு மூன்று வங்கிகளில் ஒரே சமயத்தில் போட்டுப் பார்ப்போம்" என்றார். இணங்கிவிட இருந்தேன்.

தடுத்தவர், வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற, எங்கள் பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர். "சாமி, ஒவ்வொரு விண்ணப்பமும் அந்த அறிக்கையில் பதிவாகும். அடுத்தடுத்துப் போட்டால், பணத்துக்குத் தவிக்கும் ஆள் என்று எண்ணுவார்கள். முதலில் காரணத்தைப் பாருங்கள்" என்றார். விண்ணப்பத்தை மறுத்தால் குறிப்பான காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி பிறப்பித்த நெறிமுறை என்பதையும் அவரே எடுத்துச் சொன்னார்.

கடன் தகவல் அறிக்கை என்றால் என்ன என்பதை நம் பக்கத்து மக்களுக்கு விளக்குவது கடினமன்று. வடகாடு, கீரமங்கலம், ஆலங்குடிப் பகுதிகளில் ஆடி பிறந்தால் மொய் விருந்து நடக்கும். இலை போட்டுக் கறிச்சோறு பரிமாற, வந்தவர்கள் மொய் எழுதுவார்கள். யார் எவ்வளவு எழுதினார் என்பது நோட்டில் நிற்கும். அவர் வீட்டு விருந்து வரும்போது, வாங்கியதைக் குறையாமல், இயன்றால் கூட்டியே செய்தாக வேண்டும். தவறியவர் பெயரை ஊர் மறவாது. நாடு முழுமைக்கும் எழுதப்படும் மொய் நோட்டே கடன் தகவல் அறிக்கை. 2000-ஆம் ஆண்டில் சிபில் நிறுவனம் தோன்றியது. 2005-இல் இதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க் என்னும் நான்கு நிறுவனங்கள் இப்பதிவுகளை வைத்திருக்கின்றன. தவணை கட்டிய மாதமும் தவறிய மாதமும் அங்கே பதிவாகும். அவற்றைக் கொண்டு 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுவார்கள். நம்மைப் பற்றிய முழு அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நிறுவனமும் கட்டணமின்றித் தரவேண்டும். நாமே கேட்டுப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது.

நானும் கேட்டுப் பெற்றேன். அதில் ஒரே ஒரு கணக்கு இருந்தது. கல்விக் கடன், தொகை 4,60,000 ரூபாய், என் பெயருக்கு எதிரே "ஜாமீன்தாரர்" என்ற சொல். அதைக் கண்டவுடன் 2014-ஆம் ஆண்டு என் கண்முன் வந்தது.

அப்போது நான் வேறொரு பங்கில் இருந்தேன். பீடச் சிறுவனாக என்னோடு வளர்ந்த ஓர் ஏழை மாணவனுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்விக் கடன் நான்கு லட்சத்தைத் தாண்டினால் மூன்றாம் மனிதர் ஒருவரின் ஜாமீன் தேவை என்றார்கள். அவன் தந்தைக்குத் தெரிந்தவர்களில் ஊதியச் சீட்டு உடையவன் நான் ஒருவனே. ஒரு நிமிடமும் யோசியாமல் கையெழுத்திட்டேன். பின்பு மறந்தும் போனேன்.

இங்கே என் குற்றத்தை நான் அறிக்கையிட வேண்டும். குரு ஒருவர் தம் சொந்த உடைமையைக் கொண்டேனும், தம் ஆயரைக் கலந்துகொள்ளாமல் பிறருக்கு ஜாமீன் நிற்றலாகாது என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 285-ஆம் விதி கூறுகிறது. குருமடத்தில் படித்ததுதான். நல்ல காரியத்துக்கு அனுமதி எதற்கு என்று எண்ணினேன்போலும். சீராக்கின் ஞான நூல், 29-ஆம் அதிகாரத்தில், அயலாருக்குப் பிணை நிற்பதை நல்லவரின் செயலெனப் போற்றுகிறது. அதனாலேயே வீடு வாசல் இழந்தோரையும் அடுத்த மூச்சிலேயே நினைவூட்டுகிறது. நான் முதற்பகுதியை மட்டுமே பிரசங்கித்து வந்தேன்.

ஒரு நாள் முழுவதும் அந்த மாணவன்மேல் சினம் இருந்தது. பின்பு அவன் தந்தையைக் காணச் சென்றேன். 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் அவருடைய தென்னைகளை ஒரே இரவில் வீழ்த்தியிருந்தது. தவணை தொடங்கவேண்டிய ஆண்டில் மகனுக்குக் கிடைத்த வேலையும் கொரோனா ஊரடங்கில் போயிற்று. வங்கி எனக்கு அனுப்பிய கடிதங்களோ நான் விட்டுவந்த பழைய பங்கின் முகவரிக்குச் சென்றிருந்தன. "சாமிக்குத் தெரியாமலே கட்டி முடித்துவிடலாம் என்றுதான் இருந்தோம்" என்று சொல்லி அந்தப் பெரியவர் தலை கவிழ்ந்தார்.

மகன் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். சென்று கண்டேன். என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டான். "உங்கள் முகத்தில் விழிக்கத் துணிவில்லை சாமி. அதனால்தான் நான்கு வருடமாக ஊர்த் திருவிழாவுக்கும் வரவில்லை, இங்கும் கோவிலுக்குப் போகவில்லை" என்றான். என் அட்டை மறுக்கப்பட்டதை நான் பெரிதாக எண்ணியிருந்தேன். இவனோ நான்கு ஆண்டுகளாகத் தன்னைத்தானே மறுத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறான். அந்த மறுப்புக் கடிதம் வந்திராவிட்டால் இதை நான் அறிந்திருக்கவே மாட்டேன்.

மூவருமாக வங்கிக்குச் சென்றோம். ஒரு தொகையைத் தள்ளுபடி செய்து ஒருமுறைத் தீர்வாக முடித்துக்கொள்ளலாம் என்றார் அதிகாரி. கேட்க இனிமையாகவே இருந்தது. ஆனால் அவ்வாறு முடித்தால் அறிக்கையில் "குறைத்துத் தீர்க்கப்பட்டது" என்ற குறிப்பு நிற்கும். பின்னாளில் வீட்டுக் கடன் கேட்கும்போது அது குறுக்கே வரும் என்று பேரவை நண்பர் எச்சரித்திருந்தார். ஆகவே முழுத் தொகையையும் கட்ட முடிவு செய்தோம். 2024 ஆடியில் அந்தத் தந்தை மொய் விருந்து வைத்தார். பல ஆண்டுகளாகப் பிறர் விருந்துகளில் எழுதியே வந்தவர். புயலுக்குப்பின் கேட்க மனமின்றித் தம் முறையைத் தள்ளிப்போட்டவர். ஊரார் குறை வைக்கவில்லை. அந்தப் பணத்தோடு மகனின் மாதத் தவணைகளும் என் பங்காக ஒரு சிறு தொகையும் சேர, 2025 தொடக்கத்தில் கடன் முடிந்தது. நிலுவை இல்லை என்ற சான்றை எழுத்தில் வாங்கினோம். ஓர் உண்மையையும் சொல்லவேண்டும்: மொய்யும் கடனே. அதைத் திருப்பிச் செய்யும் பொறுப்பு அந்தக் குடும்பத்துக்கு இன்றும் இருக்கிறது. ஆனால் புயல் அடித்தது என்பதை மொய் நோட்டு அறியும், கணினி அறியாது.

இடையில் நான் ஆயரிடம் சென்று நடந்ததைக் கூறினேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "அன்றே வந்திருந்தால் மறைமாவட்டத்திலேயே ஒரு வழி பார்த்திருப்போமே" என்று மட்டும் சொன்னார். கடிந்திருந்தாலும் அவ்வளவு உறைத்திராது.

கடன் முடிந்தபின்னும் அறிக்கையில் பழைய நிலுவையே இருந்தது. சான்றை இணைத்துத் திருத்தம் கேட்டோம். இத்தகைய முறையீட்டை 30 நாளுக்குள் தீர்க்கவேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டிருக்கிறது. திருத்தம் வந்தது. சில மாதம் பொறுத்து, ஒரே ஒரு வங்கியில் மறுபடி விண்ணப்பித்தேன். அட்டை கிடைத்தது.

கிடைத்தபின்தான் உண்மையான சோதனை என்பதை உணர்ந்தேன். மாத அறிக்கையில் "குறைந்தபட்சத் தொகை" என்று ஒரு சிறு எண் அச்சாகி வரும். அதை மட்டும் கட்டினால் போதும் என்று தோன்றும். அப்படிக் கட்டினால் மிச்சத்துக்குப் பல அட்டைகளில் மாதம் 3½ விழுக்காட்டை ஒட்டி வட்டி ஏறும்; ஆண்டுக்கு 40 விழுக்காட்டையும் தாண்டும். அடுத்து வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத் தவணைக் காலம் கிடையாது. கந்துவட்டிக்காரரைத் திட்டும் நாம் இதைப் புன்னகையோடு கட்டுகிறோம். ஆகவே முழுத் தொகையையும் உரிய நாளில் கட்ட இயலாத எதையும் அதில் வாங்குவதில்லை என்று உறுதி கொண்டேன். இதுவரை ஒரே ஒருமுறை, மருத்துவமனை ஒன்றில், நள்ளிரவில், அதை நீட்டினேன். எவரையும் எழுப்பவேண்டிய தேவை ஏற்படவில்லை.

அன்பர்களே, உங்கள் இல்லத்துக்கும் இத்தகைய மறுப்பு வரலாம். மகனுக்கோ மகளுக்கோ வந்தால் ஏளனம் செய்யாதீர்கள். மறைத்து வைக்கவும் விடாதீர்கள். கடிதத்தைப் படியுங்கள்; அறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள்; பிழையாயின் திருத்துங்கள், கடனாயின் தீருங்கள். பிறருக்காகக் கையெழுத்திடும் முன், அந்தக் கடனை நாமே கட்டவேண்டி வந்தால் கட்ட இயலுமா என்று வீட்டாரோடு அமர்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். இயலுமென்றால் மனமுவந்து இடுங்கள், இட்டபின் மறந்துவிடாதீர்கள். முகவரி மாறினால் வங்கிக்குத் தெரிவியுங்கள்.

சென்ற திருவிழாவில் அந்த இளைஞன் வந்திருந்தான். சிறுவயதில் நின்ற அதே இடத்தில், பீடத்துக்கு அருகே நின்றான். திருப்பலி முடிந்ததும் என்னிடம் வந்து, தன் தம்பிக்கு இந்த ஆண்டு கல்லூரியில் இடம் கிடைத்திருப்பதாகச் சொன்னான். ஜாமீன் யார் என்று கேட்டேன். "நான்தான் சாமி" என்றான்.