கடல் வழிவிட்ட காலை

"பார்க்குக்குப் போகலாம்மா" என்று என் பெண் சொன்னபோது, ஊஞ்சலும் சறுக்குமரமும் சுண்டல் விற்கிற பையனும் இருக்கிற பார்க்கைத்தான் நான் நினைத்துக்கொண்டேன். அது 2016-ம் வருஷம், அக்டோபர் மாதம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் இருக்கும் பெண் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு வந்தது.

"அகேடியான்னு ஒரு நேஷனல் பார்க், அத்தை. இந்த வருஷம் அதுக்கு நூறு வயசு. வருஷம் பூரா கொண்டாடுறாங்க" என்றார் மாப்பிள்ளை.

புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் கட்டிக்கொண்டு காரில் கிளம்பினோம். ஐந்து மணி நேரப் பிரயாணம். பாதி வழியில்தான் மாப்பிள்ளை பேச்சுவாக்கில் சொன்னார், "அது ஒரு தீவு அத்தை. மலைக்கும் காட்டுக்கும் நடுவிலே எங்கே பார்த்தாலும் கடல்தான்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

காரணம் இருக்கிறது. நான் நாகப்பட்டினத்துக்காரி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் கடல் கொண்டுபோனது. எங்கள் வீடு உள்ளே தள்ளி இருந்ததால் நாங்கள் பிழைத்தோம். ஆனால் பதினைந்து வருஷமாக என் வாசலுக்கு மீன் கொண்டுவந்த அக்கா, முதல் நாள் "நாளைக்கு நல்ல வஞ்சிரமா கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள், வரவேயில்லை. அன்றிலிருந்து நான் கடலில் கால் வைத்ததில்லை. பேப்பரில் 'கடல் உள்வாங்கியது' என்று செய்தி வந்தாலே அன்று ராத்திரி தூக்கம் போய்விடும். பெண்ணுக்கு இது தெரியும். தெரிந்தும் அழைத்துப் போகிறாளே என்று கோபம் வந்தது. "நான் ரூமிலேயே இருக்கேன், நீங்க சுத்திட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் அந்த ஊரில் ரூமில் உட்கார்ந்திருக்க யாராலும் முடியாது! மெய்ன் மாநிலத்தில் மவுண்ட் டெஸர்ட் என்ற தீவு. பார் ஹார்பர் என்பது அதிலுள்ள சின்ன ஊர். கடைக்குக் கடை நூற்றாண்டுத் தொப்பியும் டீ-ஷர்ட்டும் தொங்கின. ஊரைச் சுற்றி 50,000 ஏக்கருக்குச் சற்றே குறைவாகப் பூங்கா.

அது உருவான கதையைக் கேளுங்கள். ஜார்ஜ் டார் என்று ஒரு பணக்காரப் பிரம்மச்சாரி. இந்த மலையும் கரையும் மரம் வெட்டுகிறவர்கள் கையில் போய்விடக் கூடாது என்று தம் பரம்பரைச் சொத்தையே செலவழித்தார். பலரிடம் கேட்டு நிலம் சேர்த்து, அத்தனையையும் அரசாங்கத்துக்குக் கொடுத்தார். 1916 ஜூலை 8-ம் தேதி ஜனாதிபதி வில்சன் அதை ஏற்றுக்கொண்டு தேசியச் சின்னமாக அறிவித்தார். 1919-ல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. 1929-ல்தான் அகேடியா என்று பெயர் வந்தது. வீட்டு மனைக்கு அரை அடி விட்டுக்கொடுக்காமல் கோர்ட்டுக்குப் போகிற நமக்கு இது கதை மாதிரித்தான் இருக்கிறது!

முதல் நாள் என் மூட்டு வலியைக் காரணம் காட்டித் தப்பிக்கப் பார்த்தேன். பலிக்கவில்லை. பெரிய பணக்காரரான ஜூனியர் ராக்ஃபெல்லர் 1913 முதல் 1940 வரை இங்கே குதிரை வண்டிகளுக்கென்றே பாதைகள் போட்டிருக்கிறார். பூங்காவுக்குள் மட்டும் 45 மைல். கார் வரக் கூடாது. குதிரை சிரமப்படக் கூடாது என்று ஏற்றத்தை மெதுமெதுவாக வைத்திருக்கிறார்கள். குதிரைக்குச் செய்த தயவு என் முழங்காலுக்கும் கிடைத்தது! ஓரத்தில் வரிசையாக நட்ட கருங்கற்களை 'ராக்ஃபெல்லரின் பற்கள்' என்று வேடிக்கையாகச் சொல்கிறார்கள். நடுநடுவே அந்தப் பற்களில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டேன். ஜோர்டன் பாண்ட் என்ற ஏரிக்கரை ஹோட்டலில் 'பாப்ஓவர்' சாப்பிட்டோம். மைதா, முட்டை, பால் கலந்து சூளையடுப்பில் வேகவைப்பது. பூரி போல உப்பி, உள்ளே வெறும் காற்று! வெண்ணெயும் ஸ்ட்ராபெரி ஜாமும் தடவித் தருகிறார்கள்.

வழியெல்லாம் மரங்கள் மஞ்சளாகப் பற்றி எரிகிற மாதிரி இருந்தன. "என்ன அழகுடி!" என்றேன். அங்கே நின்றிருந்த ரேஞ்சர் பெண்மணி அதற்குச் சொன்ன பதிலை மகள் எனக்கு மொழிபெயர்த்தாள்.

1947-ல் மழையே இல்லாமல் காடு காய்ந்து கிடந்ததாம். இதே அக்டோபர் மாதம் தீப்பிடித்தது. பூங்காவில் மட்டும் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் சாம்பல். கோடீஸ்வரர்களின் மாளிகைகளோடு, ஊர் ஜனங்களின் 170 வீடுகளும் போயின. வெளியே போகும் ரோட்டைத் தீ மறித்துக்கொண்டது. ஜனங்கள் குழந்தை குட்டிகளோடு படகுத் துறைக்கு ஓடினார்கள். அக்கம்பக்கத்து ஊர்களின் மீனவர்கள் படகுகளோடு வந்தார்கள். 400 பேராவது கடல் வழியாகத் தப்பினார்கள். பிறகுதான் ரோடு திறந்து மற்றவர்கள் கிளம்ப முடிந்தது. எரிந்துபோன ஊசியிலை மரங்களின் இடத்தில் தானாக முளைத்தவைதான் இந்த பிர்ச்சும் ஆஸ்பென்னும். நான் அழகு என்று வியந்த மஞ்சள், அந்தத் தீக்குப் பிறகு வந்த மஞ்சள்!

அன்று ராத்திரி வெகுநேரம் யோசித்தேன். எங்கள் ஊரில் ஜனங்கள் கடலை விட்டு ஓடினார்கள். இங்கே கடலைப் பார்த்து ஓடியிருக்கிறார்கள். மீனவன் படகுதான் காப்பாற்றியிருக்கிறது. அந்த அக்கா வீட்டிலும் ஒரு படகு இருந்தது.

மறுநாள் காலை பதினோரு மணிக்குப் பெண் என்னை ஊரின் ஒரு தெருக் கோடிக்கு அழைத்துப் போனாள். தெரு அப்படியே கடலுக்குள் இறங்கியது. ஆனால் தண்ணீரைக் காணோம்! எதிரே இருக்கிற பார் ஐலண்ட் என்ற குட்டித் தீவு வரைக்கும் கூழாங்கல்லும் சிப்பியும் பாசியுமாகப் பாதை. ஜனங்கள் கைக்குழந்தையும் நாய்க்குட்டியுமாக நடந்துகொண்டிருந்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. "கடல் உள்வாங்கியிருக்குடி! வா, போயிடலாம்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

அவள் கையை விடவில்லை. "அம்மா, இது தினமும் ரெண்டு தடவை நடக்கிறது. இங்கே வற்றத்துக்கும் பெருக்கத்துக்கும் நடுவிலே பத்துப் பன்னிரண்டு அடி வித்தியாசம். எப்போ போகும், எப்போ வரும்னு அட்டவணையே போட்டிருக்காங்க. வற்றத்துக்கு முன்னே ஒன்றரை மணி, பின்னே ஒன்றரை மணி, வழி இருக்கும். நமக்கு இன்னும் நிறைய நேரம் இருக்கு. உனக்கு வேண்டாம்னா வேண்டாம். நான் இங்கேயே உன்னோட உட்கார்ந்துக்கறேன்."

கட்டாயப்படுத்தியிருந்தால் போயிருக்க மாட்டேன். வேண்டாமென்றால் வேண்டாம் என்றாளே, அதுதான் என்னை எழுப்பிவிட்டது.

பேத்தி ஒரு கை, பெண் ஒரு கை. முதல் பத்து அடி கண்ணை மூடிக்கொண்டேன். காலடியில் சிப்பி நொறுங்கும் சத்தம். உப்புக் காற்று. அந்த வாசனை... அக்காவின் மீன் கூடையின் வாசனை. நடுப்பாதையில் நின்று அழுதுவிட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நல்லவேளை. "அம்மாச்சி, இங்கே பாரு நத்தை!" என்று பேத்தி கையில் வைத்தாள். அக்கரை வரை போய், தீவின் மண்ணைத் தொட்டுவிட்டுத் திரும்பினோம். வரும்போது ஓரமாகத் தேங்கியிருந்த தண்ணீரில் நானாகவே காலை வைத்தேன். ஐஸ் மாதிரி ஜில்லென்று இருந்தது!

பிற்பகலில் கரையில் உட்கார்ந்து பார்த்தோம். சத்தமில்லாமல் தண்ணீர் ஏறி, பாதையை மூடிக்கொண்டது.

பெண், பிள்ளை வீட்டுக்கு அந்தப் பக்கம் போகிற சகோதரிகளுக்கு ஒன்றிரண்டு யோசனைகள். பார் ஐலண்டுக்கு நடக்குமுன் அன்றைய வற்ற நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தாமதித்தால் அடுத்த வற்றம் வரை மணிக்கணக்காகத் தீவில் உட்கார வேண்டியதுதான். பாசி வழுக்கும். செருப்பு வேண்டாம், அடி பிடிக்கிற ஷூ போடுங்கள். மூட்டு வலிக்காரர்கள் குதிரை வண்டிப் பாதையில் நடக்கலாம். கெடிலாக் மலை உச்சிக்குக் காரில் போக, 2021 முதல் சீசனில் முன்பதிவு வேண்டும். அக்டோபரில் ஸ்வெட்டரும் காதுக்கு மஃப்ளரும் அவசியம்.

ஊர் திரும்பியதும் டிசம்பர் 26 வந்தது. இப்போது அந்த அக்காவின் மகள்தான் எங்களுக்கு மீன் கொண்டுவருகிறாள். வருஷா வருஷம் அவள் கடலில் பால் ஊற்றப் போவாள். நான் வாசலோடு நின்று காசு மட்டும் கொடுப்பேன். அந்த வருஷம், "இரு, நானும் வரேன்" என்று பால் சொம்பை வாங்கிக்கொண்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேருமாக நடந்தோம்.