சென்சார் வாங்கலாமா, வேண்டாமா?

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. ஒரு வருஷமா சனி, ஞாயிறுல சோமனூர் போய் எடுத்துட்டிருந்த விசைத்தறிப் படத்தை ஒருவழியா முடிச்சாச்சு மக்களே. 52 நிமிஷம். ஹீரோ எங்க அப்பாரு.

யூடியூப்ல போட சென்சார் தேவையில்லை. ஆனா தியேட்டர்ல ஒரே ஒரு காட்சி ஓட்டணும்னாலும் 1952 சட்டப்படி சான்றிதழ் வேணும். 2024-லேர்ந்து யு/ஏ-வையே 7+, 13+, 16+னு மூணாப் பிரிச்சுட்டாங்க. நம்ம படத்துல கூலி உயர்வு பத்திக் கேட்டதும் அப்பாரு ரெண்டு கெட்ட வார்த்தை விடுறாரு. படத்தோட உசுரே அங்கதான் இருக்கு (ஒரே டேக்ங்க!). அதை மியூட் பண்ணச் சொன்னா?

லீனா மணிமேகலையோட 'செங்கடல்' ஞாபகம் வந்துச்சு. தனுஷ்கோடி மீனவர்களைப் பத்தின படம். 2011-ல சென்னையில சான்றிதழ் மறுத்துட்டாங்க. அவங்க டிரிப்யூனல் வரைக்கும் போய் கட் இல்லாம வாங்கினாங்க. அந்த டிரிப்யூனலையும் 2021-ல கலைச்சாச்சு. இப்ப நேரா ஹைகோர்ட்தான். கிரெடிட் கார்டு தேய்ச்சுப் படம் எடுத்தவன் ஹைகோர்ட்டுக்கு எங்கீங்க போறது?

பேசாம யூடியூப்ல போட்டுரலாம்னு அப்பார்கிட்டச் சொன்னேன்.

"ஏங்கண்ணு, அத்துனூண்டு போன்ல எனக்கென்ன தெரியும்? கொட்டாயில போட மாட்டாங்களா?"

81 வயசு. ரெண்டு கண்லயும் புரை. கெட்ட வார்த்தை விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். சிரிச்சுட்டாரு.

"வேணும்னா எடுத்துரு சாமி. வாயசைவைப் பாத்தே நம்மூருச் சனம் கண்டுபுடிச்சிரும்."

ராத்திரியே இ-சினிபிரமாண் தளத்துல கணக்கு ஆரம்பிச்சாச்சு.