கருவாடும் பீச் பழமும்

எங்கட அறையில மூன்று பேர். சென்ட் போத்தல் ஒன்று. ஆளுக்கு 1,600 ரூபா போட்டு யாழ்ப்பாணம் ரவுணில வாங்கினது. போத்தலில் பீச், ராஸ்பெரி, வனிலா என்று எழுதியிருந்தது. வனிலாவை ஐஸ்கிறீமில் தெரியும். மற்ற இரண்டையும் எங்களில் ஒருத்தரும் சாப்பிட்டதில்லை. வாயில வைக்காத பழத்தின்ர மணத்தைக் காசு குடுத்து வாங்கி, கழுத்தில அடிச்சுக்கொண்டு லெக்சருக்குப் போனோம்.

முதல் பத்து நிமிசம் அது உண்மையில பழம்தான். நல்லாப் பழுத்து, தோல் கொஞ்சம் வெடிச்ச ஏதோவொரு பழம். சைக்கிள் மிதிச்சுக் கம்பஸ் வாசலுக்கு வர, பழம் போய் ரொபி ஆகிவிடும். மத்தியானம் வனிலா பிஸ்கட். ஒரே போத்தல்தான், ஆனால் மூன்று பேரிலும் மூன்று மாதிரி. ஒருத்தியில் புளிப்பாக இருக்கும், ஒருத்தியில் பவுடர் மாதிரி அடங்கிவிடும். எங்கட மட்டக்களப்புக்காரி முதல் நாளே சொல்லிப்போட்டாள்: "என்னகா இது, பேர்த்டே கேக்கைக் கட்டிப்பிடிச்ச மாதிரிக் கிடக்கு."

அவள் சொன்னால் சிரிப்பு. பின்வாங்கில் இருந்த பெடியள் சொன்னபோது சிரிப்பு வரேல்லை. ஃபான் வேலை செய்யாத ஒரு மத்தியானம். "என்ன மச்சான் மணக்குது? ரொபிக் கடை திறந்திட்டாங்களோ?" அன்றிலிருந்து எங்களுக்கு 'ரொபிக் கடை' என்று பட்டம். இரண்டு கிழமை போத்தலைத் தொடவில்லை.

தமிழ் படிக்கிற எங்களுக்கு இந்த 'மணக்குது' விசயம் நல்லா விளங்க வேண்டும். பழந்தமிழில் நாற்றம் என்றால் வாசனை, பூவும் நாறும். இன்றைக்கு ஒருத்தரைப் பார்த்து 'நாறுது' என்றால் சண்டை வரும். 'மணக்குது' என்ற சொல்லும் எங்கட பேச்சில அந்த வழியாலதான் போய்க்கொண்டிருக்கு. மல்லிகையும் மணக்கும், மீன்கூடையும் மணக்கும். சொல்லுற ஆளின்ர முகத்தைப் பார்த்துத்தான் எது என்று கண்டுபிடிக்க வேணும்.

திரும்பப் பூசத் தொடங்கினது எங்களில் மூன்றாவது ஆள். முல்லைத்தீவுப் பக்கம், கடற்கரையோர ஊர். தொடக்கத்திலிருந்தே நாங்கள் இரண்டு தரம் அடிச்சால் அவள் எட்டுத் தரம் அடிப்பாள். கழுத்து, கை, தலைமயிர், கொப்பி பாக் எல்லாத்துக்கும். அடிச்சுப்போட்டு ஒவ்வொரு நாளும் கேட்பாள்: "மணக்குதா?" போத்தல் கெதியா முடிஞ்சிடும் என்று நாங்கள் முணுமுணுத்ததும் உண்டு. பிறகுதான் சொன்னாள். பள்ளிக்கூடத்தில அவளுக்குப் பக்கத்தில இருக்கிற பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்களாம். தகப்பன் கடலுக்குப் போறவர், தாய் வீட்டு முற்றத்தில கருவாடு காயப்போடுறவர். எத்தினை தரம் உடுப்பைத் தோய்ச்சாலும், "கருவாடு வருது" என்றுதான் வகுப்பில பேர். பூ வாசம் வேண்டாம், பழ வாசம்தான் வேண்டும் என்று கடையில் அவள் நின்று பிடிச்சது ஏன் என்று அப்பதான் விளங்கியது. மீனிலிருந்து ஆகத் தூரமான மணம் எது என்று அவள் யோசிச்சிருக்கிறாள்.

"கருவாடு எண்ட வாயளை ரொபி எண்டு சொல்ல வைச்சிட்டன். இது முன்னேற்றம்தானேடி" என்றாள். நாங்கள் சிரிக்கவில்லை.

2022 ஓகஸ்டில், அத்தியாவசியமில்லை என்று இறக்குமதியை நிறுத்தின 300க்கும் மேற்பட்ட பொருள்களில் வாசனைத் திரவியமும் இருந்தது. டொலர் இல்லாத நாட்டுக்கு அது சரியான கணக்காயிருக்கலாம். ஆனால் ஒருத்திக்கு எது அத்தியாவசியம் என்று பட்டியல் போடுறது லேசில்லை.

அதுக்குப் பிறகு சென்டைப் பற்றித் தேடி வாசிச்சோம். எலுமிச்சை, தோடம்பழம் மாதிரியானதுகளின்ர தோலைப் பிழிஞ்சு வாசனை எண்ணெய் எடுக்கலாம். பீச், ஸ்ரோபெரி போன்ற பழங்களில் அப்படி எடுக்க முடியாது. அந்த மணத்தை வேதிப்பொருள்களைக் கலந்துதான் செய்கிறார்கள். பீச் மணம் தருகிற ஒரு பொருளை 'அல்டிஹைட் சி-14' என்று கூப்பிடுகிறார்கள். உண்மையில் அது அல்டிஹைட்டே இல்லை, லக்டோன். 1919இல் ஜாக் கெர்லன் செய்த 'மிட்சுகோ' என்ற பெயர்பெற்ற சென்டில் பீச் மணம் வந்தது அதனால்தான். ஆக, பேரும் பொய், பழமும் பொய். ஆனால் பூசினவளுக்கு வருகிற நிமிர்வு மட்டும் பொய்யில்லை.

இன்னொன்றும் விளங்கியது. பழ மணத்தில் பெரும்பகுதி கெதியா ஆவியாகிற பொருள். எங்கட வெயிலில இன்னும் கெதி. எட்டுத் தரம் அடிச்சாலும் அது நிக்காது. குளிச்ச கையோட கொஞ்சம் வசலின் பூசி, அதுக்கு மேல இரண்டு தரம் அடிச்சால் காணும். இதை அவளுக்குச் சொன்னோம். நான்காகக் குறைச்சாள்.

போன லீவுக்கு அவளின்ர வீட்டுக்குப் போனோம். முற்றத்தில பாய் விரிச்ச மாதிரிக் கருவாடு. முதல் அரை மணித்தியாலம் எங்களுக்கு மூக்கு அடைச்சதுதான், அதை மறைக்க விரும்பவில்லை. அவள் எங்கட முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னேரம் அம்மா கருவாட்டுக் குழம்பும் புட்டும் தந்தா. மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டோம். அங்க நின்ற மூன்று நாளும் அவள் போத்தலை எடுக்கவேயில்லை. நாங்களும்தான்.

திரும்பி வரேக்க அம்மா பேப்பரில சுற்றி ஒரு பெரிய பார்சல் தந்தா. அதை அவளின்ர பாக்கில சென்ட் போத்தலுக்குப் பக்கத்தில வைச்சோம். மூடி சரியாப் பூட்டேல்லைப் போல. பரந்தன் தாண்ட முதல் பஸ் முழுக்க ஒரு மணம்: பீச் பழம், ராஸ்பெரி, வனிலா, கருவாடு. முன்சீற்று அம்மா சீலைத் தலைப்பை மூக்கில வைச்சா. கொண்டக்டர் சுற்றிப் பார்த்தார்.

"ஆற்ர பாக் இது?"

நாங்கள் இரண்டு பேரும் யன்னலுக்கு வெளியில பார்த்தோம், வெட்கம்தான். அவள்தான் கையை உயர்த்தினாள்.

"என்ர பாக் அண்ணை. கருவாடு. நல்ல கருவாடு, வேணுமோ?"