தறி கற்றுத் தந்த கணக்கு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - கணிதம்)

தெள்ளாறு என்றதும் வரலாற்று மாணவர்களுக்கு அங்கே பாண்டியனை வென்ற மூன்றாம் நந்திவர்மன் நினைவுக்கு வருவான். எனக்கோ எங்கள் வீட்டுத் தறியின் ஓசைதான் நினைவுக்கு வரும். ஆரணி முதலாளிக்குக் கூலிக்குப் பட்டு நெய்யும் குடும்பம் எங்களுடையது. எங்கள் பரம்பரையில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான்.

முதற்பருவத் தேர்வில் கணிதத் தாளில் தோற்றேன். வகுத்தி, மடங்கு, பகா எண் என்று மனப்பாடம் செய்தவை தேர்வுக் கூடத்தில் மறந்துபோயின. 'படிப்பு நமக்கு எட்டாது. தறியிலேயே உட்கார்ந்துவிடலாம்' என்று மனத்துக்குள் முடிவு செய்துகொண்டு, விடுமுறையில் அப்பாவுக்கு உதவத் தொடங்கினேன்.

எங்கள் தறியில் இரண்டு ஜக்கார்டு பெட்டிகள். ஒன்று கரைக்கு; மற்றொன்று உடலில் விழும் பூவுக்கு. துளையிட்ட அட்டைகளை மாலையாகக் கோத்துப் பெட்டியில் மாட்டுவோம். ஒவ்வோர் ஊடை இழைக்கும் ஓர் அட்டை நகரும். மாலை முடிந்ததும் மீண்டும் முதல் அட்டை வரும். அப்போது கரைக்கு 48 அட்டைகள், பூவுக்கு 60. பூ மாலையில் ஓர் அட்டை கிழிந்திருந்தது. அறுபதில் ஒன்று குறைந்தால் என்ன என்று எண்ணி, அதை எடுத்துவிட்டு மற்றவற்றைக் கோத்து மாட்டினேன்.

ஒரு சாண் நெய்வதற்குள் அப்பா தறியை நிறுத்தினார்.

"கரையோட பூ சேரலியே. அட்டையை எண்ணினியாடா?"

எண்ணினோம். 59.

"அறுபதுன்னா நாலு சுத்துல கரையோட கூடிடும். அம்பத்தொம்பது லேசுல கூடாதுடா கண்ணு."

அவர் கோபிக்கவில்லை. நெய்ததை இழை இழையாகப் பிரித்தார். அரை நாள் கூலி என்னால் போயிற்று. அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு.

அன்றிரவு நோட்டை எடுத்து 48-இன் மடங்குகளையும் 60-இன் மடங்குகளையும் வரிசையாக எழுதினேன். இரண்டும் முதன்முதலாக 240-இல் சந்தித்தன. மீச்சிறு பொது மடங்கு என்பது இதுதானே! 60 அட்டை இருந்தால் 240 இழைக்கு ஒருமுறை கரையும் பூவும் ஒன்றாகத் தொடங்கும். 59 ஆனாலோ 48 × 59 = 2832 இழை காத்திருக்க வேண்டும்.

59 பகா எண்தானா? எல்லா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. 8-இன் வர்க்கம் 64. அது 59-ஐத் தாண்டிவிடுகிறது. எனவே 59-ஐ இரண்டு எண்களின் பெருக்கமாக எழுத முடியுமானால், அவற்றில் ஒன்று 8-க்குக் கீழே இருந்தாக வேண்டும். 2, 3, 5, 7 ஆகிய நான்கால் வகுத்தேன். நான்கிலும் மீதி வந்தது. மனப்பாடத்தில் நழுவிய பாடம் அன்று கைக்குள் வந்தது.

பின்னர் நூலகத்தில் இராமானுசனைப் பற்றிப் படித்தேன். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர், எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர். தமக்கு முன்னுள்ள எல்லா எண்களையும்விட மிகுதியான வகுத்திகளைக் கொண்ட எண்களைப் பற்றி 1915-இல் அவர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். அதற்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது. அந்த எண்களின் வரிசையில் 48, 60, 240 மூன்றும் இருக்கின்றன! அவற்றின் வகுத்திகள் முறையே 10, 12, 20. பாவம், 59-க்கு இரண்டே இரண்டு.

எவ்வளவு பெரிய எண்ணாயினும் அது பகா எண்ணா என்பதை ஐயமின்றியும் விரைந்தும் அறியும் வழியை 2002-இல் கண்டவர்களும் நம் நாட்டவரே. கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் மணீந்திர அகர்வாலுடன் அதில் உழைத்த நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்திருந்தவர்கள். தேர்வில் தவறிய தோழர்களே, இதையும் சற்று எண்ணிப் பாருங்கள்.

தவறிய தாளை மீண்டும் எழுதித் தேறினேன். அன்று மாலை அப்பாவிடம், அவருடைய அட்டைக் கணக்கு இராமானுசன் வரிசையிலேயே இருப்பதைச் சொன்னேன்.

"அவரும் நெசவுக்காரரா?" என்றார்.

"இல்லப்பா. அவர் அப்பா கும்பகோணத்தில் புடவைக்கடையில் கணக்கெழுதினவர்."

"அப்ப, புடவை தெரிஞ்ச வீடுதான்" என்று சொல்லிவிட்டு அப்பா தறியில் உட்கார்ந்தார். நான் அட்டைகளை எண்ணினேன். சரியாக 60 இருந்தன.