காணாமல் போன ஒரு தொகுதி

திருக்கோஷ்டியூர் என்றவுடன் ராமாநுஜர் கோபுரத்தில் ஏறி மந்திரத்தை ஊருக்கெல்லாம் சொன்ன கதைதான் எல்லோருக்கும் நினைவு வரும். மாசி மகத் தெப்பமும், குளத்துப் படிக்கட்டில் ஏற்றும் விளக்கும் அடுத்தபடி. இந்த ஊர் பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது என்றால் இளவட்டங்கள் நம்ப மறுக்கிறார்கள். 1957, 1962 இரண்டு தேர்தல்களிலும் இருந்தது. அதற்குப் பிறகு இல்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்து வளர்ந்த எனக்கு, பெண் எடுத்த வகையில்தான் இந்த ஊர் சொந்தம். தொகுதிக் கதையைச் சொன்னவர் என் மாமனார்.

1957-ல் தி.மு.க. முதல் தடவையாகப் பொதுத்தேர்தலில் இறங்கியது. திருக்கோஷ்டியூரில் அதன் வேட்பாளர் யார் தெரியுமா? கவிஞர் கண்ணதாசன். சிறுகூடல்பட்டியில் பிறந்தவர், இந்த வட்டாரத்துப் பிள்ளை. தோற்றுப் போனார். தொகுதி காங்கிரசுக்குப் போனது.

"பாட்டு வேற, ஓட்டு வேற மாப்பிள்ளை" என்பார் மாமா.

அந்தக் காலத்து ஓட்டு முறையே வேறு. பிற்பாடு நான் தேர்தல் வேலைக்குப் போனபோது முத்திரை குத்திய சீட்டுகளைத்தான் பார்த்தேன். 1957-ல் ஒரு ரூபாய் நோட்டு அளவில் ஒரு சீட்டு கொடுப்பார்கள். மறைப்புக்குப் பின்னால் ஆளுக்கு ஒரு பெட்டி, மேலே சின்னம் ஒட்டியிருக்கும். பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். மாமா போட்டது கவிஞர் பெட்டியில். அவருடைய அப்பாவோ கதர் தவிர வேறு துணி உடுத்தாத காங்கிரஸ்காரர். அப்பா கண் மூடும் வரை இதை வீட்டில் மூச்சுவிடவில்லையாம். என்னிடம் சொன்னபோதுகூடக் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

1961-ல் கண்ணதாசன் ஈ.வெ.கி. சம்பத்தோடு கட்சியை விட்டு வெளியேறினார். அடுத்த வருஷமே இங்கே தி.மு.க. ஜெயித்தது, எஸ். மாதவன் மூலம். காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்ற தேர்தல் அது! கவிஞருக்குக் கிடைக்காத ஊர், கவிஞர் விட்டுப்போன கட்சிக்குக் கிடைத்தது. மாமாவுக்கு இதில் சந்தோஷமா வருத்தமா என்று என்னால் கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை.

பிறகு மறுசீரமைப்பு வந்தது. மாநிலத்தில் 206 ஆக இருந்த இடங்கள் 1967-ல் 234 ஆகக் கூடின. கூடிய நேரத்தில்தான் எங்கள் பெயர் போயிற்று, அதுதான் வேடிக்கை. தொகுதிக்குப் பிரெஞ்சில் உள்ள சொல்லுக்குச் 'சுற்றிக் கோடு கிழித்தது' என்றே பொருள் வரும். கோட்டை மாற்றிக் கிழித்தார்கள், ஊர் திருப்பத்தூர் தொகுதிக்குள் போயிற்று. மாதவன் 1967-ல் திருப்பத்தூரில் நின்று வென்று, அண்ணா அமைச்சரவையில் சட்ட அமைச்சரும் ஆனார். ஒரு தேர்தல் பொறுத்திருந்தால் திருக்கோஷ்டியூருக்கு ஒரு மந்திரி என்று ஆகியிருக்கும்.

ரோடு, பஸ், பள்ளிக்கூடம் எல்லாம் தொகுதிப் பெயரைப் பார்த்து வருவதில்லை, வாஸ்தவம். மாமாவின் குறை வேறு. வடக்கே வட ஆற்காட்டிலும் ஒரு திருப்பத்தூர் தொகுதி உண்டு. ஓட்டு எண்ணுகிற ராத்திரி ரேடியோவில் "திருப்பத்தூர்" என்று சொன்னதும் விழுந்தடித்து எழுந்து உட்காருவார். வேட்பாளர் பெயரைக் கேட்டதும், அது அந்தத் திருப்பத்தூர் என்று தெரிந்து மறுபடி சாய்ந்துகொள்வார்.

"நம்ம ஊர் பேரையே விட்டு வச்சிருந்தா இந்த எழவு உண்டா மாப்பிள்ளை?"