உப்புக் காற்றில் எழும் நூலகம்

மரக்காணம் உப்பளத்துக்கு நான் போனதே ஒரு நூலகத்தின் பொருட்டுத்தான். அங்கிருந்து காலாப்பட்டு போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு கல்லூரிக்கு நூலகம் கட்டுகிறார்கள். அதன் மேஸ்திரி உப்பளக் குடும்பத்தில் பிறந்தவர். "கட்டடத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி உப்பைப் பாத்துட்டு வாங்க சார்" என்று அனுப்பிவைத்தார்.

ஏப்ரல் வெயில். வாரிய உப்பைப் பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்து மேட்டில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மழைக்காலத்தில் இந்தக் குவியல்களுக்குக் கீற்று வேய வேண்டும். "மழை பெய்யணும்னு இல்ல சார். ஈரக்காத்து அடிச்சாலே உப்பு தண்ணி விட ஆரம்பிச்சிடும்" என்றார் ஒரு அம்மா. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும் என்கிறது வேதியியல். அவருக்கு அது கைப்பழக்கம்.

அதே உப்புதான் காற்றோடு வந்து சுவரில் படிகிறது. ஈரத்தை இழுத்து, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே இறங்கி, உள்ளே இருக்கும் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடித்து உப்பும். மேலிருக்கும் கான்கிரீட் வெடித்து உதிரும். உள்ளே அடுக்கிய புத்தகங்களுக்கும் அந்த ஈரம் ஆகாது, பூசணம் பிடித்துவிடும்.

கட்டடத்தில் அன்று புத்தக அடுக்கறையின் தளத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டுத் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கினால் போதும். அடுக்கறைத் தளம் 600 கிலோவாவது தாங்கியாக வேண்டும். அதனால் கம்பி அதிகம், நெருக்கமும் அதிகம். சுடும் கம்பிமேல் குந்தியபடி, கையில் கொக்கியோடு, முடிச்சு முடிச்சாகக் கட்டுக்கம்பியை முறுக்கிக்கொண்டே நகர்கிறார்கள். கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் கட்டிகளை அடியில் வைப்பதும் இவர்களே. உப்புக் காற்று இல்லாத இடத்தில், வீட்டுக்குள் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் கம்பியை மூடியிருந்தால் போதும். கடலோரத்துக்கு 45, கடல்நீர் தெறிக்கும் இடத்துக்கு 50 என்கிறது இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. கான்கிரீட் போடும் அவசரத்தில் யாரோ மிதித்து ஒரு பிளாக் நழுவினால், அந்த இடத்தில் கம்பி அடிப்பலகையோடு ஒட்டிக்கொள்ளும். பூச்சு பூசிவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. நூலகத்தின் ஆயுள் இந்தச் சின்னக் கட்டியில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். முகப்புக் கண்ணாடிக்குச் செலவிடும் அக்கறையில் பாதியாவது இதற்கு வேண்டும்.

வரைபடத்தில் அடுக்கறை கடலை விட்டுத் தள்ளி மேற்கே, தரைக்கு மேல் முதல் தளத்தில். வாசிப்பறை கிழக்கே, அகலமான தாழ்வாரத்தோடு. நல்ல திட்டம். கடலோரத்தில் ஏடு தங்காது என்று யாரும் கைவிட வேண்டியதில்லை. 1985-இல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகம் இதே கரையில் காலாப்பட்டில்தான் இருக்கிறது; அதன் நூலகம் நாட்குறிப்பாளர் ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கடலுக்கு அருகிலேயே, 1955-இல் தோன்றிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் சைவ ஓலைச்சுவடிகளைப் பேணிவருகிறது. புதுச்சேரியின் அந்தச் சுவடிகளை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவ்வப்போது துடைத்து, எண்ணெய் பூசி, பார்த்துக்கொள்ளும் கைகளால்தான் அவை பிழைத்திருக்கின்றன.

கட்டடத்துக்குத் திரும்பினால், மிச்சம் தண்ணீர். கம்பி போட்ட கான்கிரீட்டில் கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது. இங்கே போர்த் தண்ணீர் உப்பு, ஆகவே டேங்கர் லாரி. வந்த தண்ணீரை மேஸ்திரி முதலில் நாக்கில் வைத்துப் பார்க்கிறார், பிறகுதான் பரிசோதனைக்கு அனுப்புகிறார். போட்ட கான்கிரீட் காயாமல் நாள்தோறும் நனைப்பது சித்தாள் பெண்கள். இந்த வெயிலுக்கு 14 நாளாவது நனைக்க வேண்டும். ஆனால் பல இடங்களில் செலவைக் குறைக்க முதலில் நிறுத்துவது இவர்களுடைய கூலியைத்தான். கடலோரத்தில் கட்டும் எந்த நூலகத்தின் ஒப்பந்தத்திலும் தண்ணீர் விடும் கூலியைத் தனி இனமாக எழுதி, அந்த 14 நாளுக்கும் பணம் ஒதுக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.